வெறுமனே வந்த கயிறு

கரம்பொன்
6.10.1974

தம்பி மரியநாயகம் அறிய எழுதுவது,

கையெழுத்தைப் பார்த்து யாரென்று மண்டையை உடைக்க வேண்டாம். எமிலியானுஸ் மாஸ்ரரின் பெண்சாதி றோசம்மாதான். பதின்மூன்று வருடமாக ஒரு நத்தார்ப் பெருநாளுக்குக்கூட இந்தப் படலையை எட்டிப் பார்க்காத மனிதனுக்கு நானே முதலில் எழுத வேண்டிக் கிடக்கிறதே என்று எனக்கும் எரிச்சல்தான். பாட்டுப் பழகுகிற நாளில் மீன் தின்னக்கூடாது, மூச்சுப் பாரமாகிவிடும் என்று மாஸ்ரர் சட்டம் போட்டிருந்த காலத்தில், அவருக்குத் தெரியாமல் குசினி அடுப்புப் பக்கமாகக் கூப்பிட்டு உமக்கு மீன்பொரியல் தந்தவள் நான். மாஸ்ரரோடு கோபமென்றால் சரி. குசினியோடும் கோபமோ?

விசயத்துக்கு வருகிறேன். மாஸ்ரர் படுக்கையில் கிடக்கிறார். சலரோகம், இந்தச் சீனி வருத்தம், முதலில் கண்ணை எடுத்தது. போன சித்திரையில் இடது காலையும் எடுத்துவிட்டது. வெட்டின புண் ஆறவில்லை. "வீட்டிலை வைச்சுப் பாருங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தமென்று நான் எழுதத் தேவையில்லை.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது உமக்குத் தெரியும். நான்தான் எல்லாம். ஏதும் வேண்டுமென்றால் கூப்பிடும் என்றால் கூப்பிட மாட்டார். மணிக்கட்டில் ஒரு கயிற்றைச் சுருக்குப் போட்டு, மற்ற நுனியை யன்னலால் விறாந்தைக்கு விடச் சொன்னார். அவர் இழுப்பார், நான் ஓடிவர வேண்டும். ஓடிவந்தால், "நீ இல்லை. மரியநாயகத்தைப் பிடிக்கச் சொல்லு" என்கிறார். இந்த அரியண்டம் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நான் நெருப்பில் சட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து, நான் இல்லையாம் என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறேன்.

தம்பி, எனக்கு ஒன்றைச் சொல்லும். கொழும்பில் என்னதான் நடந்தது? இசைத்தட்டு அடிக்கப் போகிறோம் என்று கோட்டும் சூட்டுமாய் எல்லோரும் ஒரே ரயிலில் ஏறினீர்கள். வரும்போது மாஸ்ரர் நெற்றியில் தையலோடு தனியே வந்தார். நீர் அதே கிழமைக்குள் நாரந்தனை வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்சாதி ஊருக்குப் போய்விட்டீர். கேட்டால் அவர் வாய் திறக்கவில்லை. பாட்டுக் கோஷ்டியும் அதோடு கலைந்தது.

ஒருக்கால் வந்து போம். அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரும். வேறொன்றும் கேட்கவில்லை.

றோசம்மா


நெடுந்தீவு
19.10.1974

அன்புள்ள றோசம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். உங்கள் மீன்பொரியலை மறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு மனத்தாங்கல் இல்லாத இடம் குசினி ஒன்றுதான்.

மாஸ்ரரின் கண் போனதைக் கேட்க வயிறு எரிகிறது. ஆனால் நான் வரமாட்டேன். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

மாஸ்ரருக்கு விசர், மூளை பிசகு என்று ஊரெல்லாம் சொன்னது. எனக்கு அந்த விசர் பிடித்திருந்தது. பாட்டுக்காரரை நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தி, என்னையும் ட்ரம்மையும் வள்ளத்தில் ஏற்றிப் பழக்கினவர் வேறு யார் இருக்கிறார்? காரைநகர்க் கல்யாண வீட்டில் ஒரு குழந்தை வீரிட்டு அழ, பாட்டை நிற்பாட்டி, அந்த அழுகையின் சுருதிக்குப் பிடிலைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாரே! பொம்பிளை வீட்டுக்காரர் அடிக்க வந்துவிட்டார்கள். நான்தான் ட்ரம்மைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே கொண்டுவந்தேன்.

அவரிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்குகிற வழக்கம் இல்லை. எண்ணினால் பாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வருமாம். தன் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மற்ற நுனியை என் காலில் கட்டிவிடுவார். ஒருதரம் இழுத்தால் தொடங்கு. இரண்டுதரம் என்றால் மெல்ல. மூன்றுதரம் என்றால் நிற்பாட்டு. பக்கத்தில் நின்றாலும் கயிறுதான். "உன்ரை ஆக்களுக்குக் கயிறு தெரியும்" என்பார்.

அக்கா, அதை அவர் என்ன மனதோடு சொன்னார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவருடைய தமையன் சில்வெஸ்ரர் சங்கு குளிக்கப் போய்க் கடலோடு போனபோது, வள்ளத்தில் கயிறு பிடித்தவர் என்னுடைய அப்பு இன்னாசித்தம்பி. மூச்சு முட்டினால் கீழே இருப்பவர் நீட்டி ஒரு இழுவை இழுப்பார். தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவர் இரண்டு கையாலும் ஏற்ற வேண்டும். அப்பு நித்திரை கொண்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. குடித்திருந்தார் என்றும் சொன்னது. அப்புவுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "இழுத்தனான். வெறுங்கயிறுதான் வந்துது." யாரும் நம்பவில்லை. அப்படியிருக்க, அந்த இன்னாசித்தம்பியின் மகனைக் கூப்பிட்டு மாஸ்ரர் ட்ரம் அடிக்கச் சொன்னபோது, எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெருநாள். அப்பு சவரம் செய்து சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். முன்வரிசையில் போய் முழந்தாளிட்டார்.

கொழும்புக்கு வருகிறேன். கொம்பனிக்காரரின் அறையில் ஒரே ஒரு மைக். மாஸ்ரர் போனவுடன் மேலே பார்த்து, "உந்த ஃபான் மூண்டு தாளத்திலை சுத்துது, எங்கடை பாட்டு நாலு. நிப்பாட்டுங்கோ" என்றார். நிற்பாட்டினார்கள். எல்லோரும் கோட்டுக்குள் அவிந்தோம். ட்ரம் சத்தம் பாட்டை விழுங்குகிறது என்று என்னை வெளியே நடையில் இருத்தி, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டார்கள். எனக்கு உள்ளே ஒருவரையும் தெரியவில்லை. கயிறு மட்டும் கதவு இடுக்கால் வந்தது. காலில் கட்டினால் பெடலுக்கு இடைஞ்சல் என்று அதை என் முழங்கையில் சுற்றினேன்.

முதற்பாட்டு அருமையாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த சிங்களப் பெடியன் எழும்பி நின்று கை தட்டினான்.

இரண்டாவது பாட்டு அவர் தமையனுக்காகக் கட்டின பாட்டு. பழகுகிறபோதெல்லாம் அவர் அதை முழுதாகப் பாடினதில்லை, பாதியில் விட்டுவிடுவார். அன்றைக்குத்தான் கடைசி அடிவரைக்கும் போனார். "அலைக்குக் கீழே நின்று யாரை அழைத்தாய் அண்ணா" என்று வருகிற இடத்தில் குரல் உடைந்தது. கயிறு இழுபட்டது. ஒன்றுமில்லை, இரண்டுமில்லை, மூன்றுமில்லை. நீட்டி ஒரு இழுவை.

அக்கா, நான் யோசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பு எனக்கு ஒன்றைத்தான் சொல்லித் தந்தவர். கயிறு நீட்டி இழுபட்டால் கேள்வி கேளாதே, ஏற்று என்று. தடியிரண்டையும் போட்டுவிட்டு எழும்பி இரண்டு கையாலும் ஏற்றினேன். உள்ளே மாஸ்ரர் மைக் கம்பியோடு சேர்ந்து விழுந்தார். பிடில் அவருக்குக் கீழே நொருங்கியது. கதவு நிலையில் நெற்றி அடிபட்டு ரத்தம்.

ஓடிப்போய்த் தூக்கினேன். கையைத் தட்டிவிட்டு, கொம்பனிக்காரருக்கும் கோஷ்டிக்காரருக்கும் முன்னால் சொன்னார்: "இழுக்கவேண்டிய நாளிலை உன்ரை கொப்பன் இழுக்கேல்லை. நீ இண்டைக்கு இழுக்கிறாய்."

ஒரு பக்கப் பாட்டோடு இசைத்தட்டு அடிக்க முடியாதென்று கொம்பனிக்காரர் கணக்கை முடித்தார்கள். நான் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு கோட்டை ஸ்ரேசனுக்கு நடந்தேன். அந்தச் சொல்லை அப்புவின் காதில் யாராவது போடுவதற்கு முதல் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது. அதற்காகத்தான் வீட்டைப் பூட்டினேன். ஆனாலும் கோஷ்டிக்காரன் ஒருவன் படகுத்துறையில் வைத்தே அவருக்குச் சொல்லிவிட்டான்.

இப்போது அந்த ட்ரம்முக்குள் கோழி அடைகிடக்கிறது.

மரியநாயகம்


கரம்பொன்
2.11.1974

தம்பி,

உம்முடைய கடிதத்தை அடுப்படியில் இருந்து வாசித்தேன். சோறு அடிப்பிடித்த மணம்கூடத் தெரியவில்லை.

அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தச் சொல்லை மட்டும் கேட்டேன். "உப்பிடியே சொன்னனீங்கள்?" என்று. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு முழுக்கக் கயிறு இழுபடவில்லை. எனக்கு அதுதான் பயமாகப் போய்விட்டது. மூச்சு இருக்கிறதா என்று இரண்டு மூன்றுதரம் போய்ப் பார்த்தேன்.

பொழுதுபட்ட பிறகு, "மரியநாயகம் எழுதினவனோ? என்ன எழுதினவன்?" என்று கேட்டார். வாற எண்ணம் இருக்கிறதாம் என்று பொய் சொன்னேன். மாதாவே, அந்த முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். உடனே தலையைச் சீவி இழுத்துவிடச் சொன்னார்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது, உம்முடைய அப்பு தெருவில் போனால் மாமி படலைக்கு வந்து காறித் துப்புவா. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவேன். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். சரியா பிழையா என்று யார் யோசித்தது? மாஸ்ரர் மட்டும் துப்பினதில்லை. அவர் துப்பாததை நான் கண்ணால் கண்டவள். அதை நினைத்துத்தான் கேட்கிறேன், முப்பது வருடம் துப்பாத மனிதன் பிடில் உடைந்த ஆத்திரத்தில் ஒரு சொல் சொன்னால், அது பெரிதா? மற்றதெல்லாம் சிறிதா?

பெரிதுதான். எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், நான் வேறென்ன செய்ய?

புண் இப்போது தொடைவரைக்கும் கறுத்துவிட்டது. பங்குச்சாமி வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். நத்தார்வரைக்கும் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உமக்கு இரண்டு கையும் காலும் இருக்கிறது, துறையில் மோட்டர் வள்ளமும் இருக்கிறது. வாரும் தம்பி. வந்து அவரை ஏசிவிட்டாவது போம்.

றோசம்மா


நெடுந்தீவு
17.11.1974

அக்கா,

வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது. நான்கு நாளாக வள்ளம் ஓடவில்லை. இது வராமல் இருக்கச் சொல்லுகிற சாட்டு என்று நீங்கள் சொல்வீர்கள். ஓம், சாட்டுத்தான்.

உள்ளதைச் சொல்கிறேன். அப்பு என்னோடுதான் இருக்கிறார். கண்காது எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் சில்வெஸ்ரர் போன நாளிலிருந்து கயிறு தொடமாட்டார். மாடு அவிழ்க்க மாட்டார். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளமாட்டார். தாகமென்றாலும் என் பெண்சாதி அள்ளிக் கொடுக்கும்வரை கிணற்றுக்கட்டில் குந்தியிருப்பார். கல்யாணம் முடித்து வந்த புதிதில், கிழவனுக்குத் தடிப்பு, பெருமை என்று அவள் நினைத்தாள்.

உங்கள் கடிதம் வந்ததும், "கரம்பொனிலையிருந்தோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். இந்த மனிதனை இந்த வாசலில் இருத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நான் எப்படி வெளிக்கிடுவது? எனக்குச் சொன்ன சொல்லென்றால் அன்றைக்கே துடைத்துப்போட்டிருப்பேன். அவரைச் சொன்னது. அதை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை.

மாஸ்ரருக்கு வாயில் நல்லதாக ஏதும் வைத்துக் கொடுங்கள். நான் கேட்டதாகச் சொல்லுங்கள். காற்று அடங்கட்டும், பார்ப்போம்.

மரியநாயகம்


கரம்பொன்
8.12.1974

தம்பி மரியநாயகம்,

மாஸ்ரர் போய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை விடிந்துவருகிற நேரம். திங்கள் அடக்கம் செய்தோம். தந்தி அடித்திருக்கலாம், வள்ளம் ஓடாத கடலுக்கு அங்கால் இருந்து நீர் என்ன செய்வீர் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபமும் இருந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

இனி எழுதுவதை இருந்து வாசியும். வாசித்துவிட்டு என்னை ஏசும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், "மரியநாயகம் வந்திட்டானோ?" என்று கேட்டார். அது எத்தனையாவது தரம் என்று தெரியாது. எனக்குக் களைத்துப் போயிற்று. "ஓம், வந்திட்டார். விறாந்தையிலை கதிரையிலை இருக்கிறார். உள்ளுக்கு வரமாட்டாராம்" என்றேன்.

"ரோசக்காரன்" என்றார். "கயிறைக் குடு."

நான் விறாந்தைக்குப் போய்க் கதிரையில் இருந்து நுனியைப் பிடித்தேன். மூன்றுதரம் இழுபட்டது. மூன்றுக்கு என்ன அர்த்தமென்று நீர் எழுதியிருந்தீர், பதற்றத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பிடித்துத் திருப்பி இழுத்துவிட்டேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது தம்பி. எத்தனை மாதத்துக்குப் பிறகு! "அவன்தான்! உலகத்திலை வேறை ஒருத்தனும் திருப்பி இழுக்கமாட்டான், அவன்தான் இழுப்பான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிழையாக இழுத்ததால்தான் நம்பினார்.

பிறகு யன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "மரியநாயகம், அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறன். உன்ரை கொப்பரிட்டையும் சொல்லு. அண்ணைக்காண்டி நான் ஆரையாவது கோவிக்கவேணும் போலை கிடந்தது, கடலைக் கோவிக்க ஏலாது. கேட்டுதோ? கேட்டால் ஒருக்கா இழு."

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என் சத்தம் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும். நீர் எழுதினது ஞாபகம் வந்தது, மன்னிக்க எனக்கு உரிமை இல்லை என்று. உமக்கே இல்லாத உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? ஆனாலும் இழுத்தேன். உம்மைக் கேட்காமல், உம்முடைய அப்புவைக் கேட்காமல், உங்கள் இரண்டு பேருடைய பேரிலும் ஒருதரம் இழுத்தேன். "சரி" என்றார். அன்றைக்கு நல்லாய் நித்திரை கொண்டார்.

சனிக்கிழமை பேச்சு நின்றுவிட்டது. நான் விறாந்தையிலேயே கதிரையில் கிடந்தேன். விடியப்புறம் கயிறு இழுபட்டது.

நீட்டி ஒரு இழுவை.

இந்தத் தரம் எனக்கு அர்த்தம் தெரியும். நீர் எழுதி நான் வாசித்தது. மாதா அறிய எழுதுகிறேன், நான் நித்திரை கொள்ளவில்லை, நான் பிந்தவில்லை. இழுபட்ட கையோடு எழும்பி இரண்டு கையாலும் இழுத்தேன். அவரைத் திருப்பி இந்தப் பக்கம் எடுத்துவிடலாம் என்ற மாதிரி, விசரி மாதிரி, பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். கயிறு பாரமில்லாமல் வந்தது தம்பி. வந்துகொண்டே இருந்தது. கை மெலிந்துபோய்ச் சுருக்குக் கழன்றிருக்கிறது. யன்னல் விளிம்பால் வெறும் சுருக்கு வந்து என் காலடியில் விழுந்தது. நான் உள்ளே ஓடினேன். முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்த சனம் கேட்டது, "பக்கத்திலை இருக்கேல்லையோ? கயிறை ஏன் விட்டனீர்?" என்று. "இழுத்தனான்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் முன்பே கண்டிருக்கிறேன். இந்தப் படலையில் நின்று நானே பார்த்த பார்வை அது.

உம்முடைய அப்புவுக்குச் சொல்லும். இழுத்தாலும் கயிறு வெறுமனே வரும். எனக்குத் தெரியும். நான் பிடித்திருந்தேன்.

கயிற்றை நான் எறியவில்லை. யன்னல் கம்பியில் கிடக்கிறது.

றோசம்மா


நெடுந்தீவு
20.12.1974

அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. முதலில் நான் தனியே வாசித்தேன். மாஸ்ரருக்காக அழுதேன். அடங்காத காற்று ஒன்றுமில்லை, நான் வெளிக்கிட்டிருக்கலாம். இனி அதைப் பேசி என்ன, அது என்னோடு இருக்கும். நீங்கள் என் பேரில் இழுத்தது நான் இழுத்ததாகவே இருக்கட்டும். உங்களை ஏச எனக்கு வாய் வராது.

பிறகு அப்புவுக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தேன். மாஸ்ரர் சொல்லைத் திருப்பி எடுத்த இடத்தில் அப்புவின் தலைகூட அசையவில்லை. அதற்குப் பிந்திய பகுதி வந்ததும் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"அந்தப் பிள்ளை ரண்டு கையாலும் இழுத்ததோ?"

"ஓம் அப்பு."

"வெறுங்கயிறோ வந்தது?"

"ஓம்."

"இன்னொருக்கால் வாசி."

வாசித்தேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் வாசித்தேன். கடைசியில், "பாவம், அந்தப் பிள்ளையை ஆரும் நம்பியிருக்கமாட்டாங்கள்" என்றார். உங்களுக்காகத்தான் அழுதார் அக்கா. தனக்காக அவர் அழுததை நான் கண்டதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். வள்ளம் ஓடாவிட்டால் யாரையாவது பிடித்துப் பாய்விரித்தாவது வருவோம். அப்புதான் சொன்னார். அந்தப் படலைக்குள் அவர் கால் வைத்தால் சனம் என்ன சொல்லும் என்று நான் கேட்டேன். "நான் சனத்திட்டைப் போகேல்லை" என்றார். கயிற்றை அவிழ்க்க வேண்டாமாம், தான் ஒருக்கால் பார்க்க வேண்டுமாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்டது. பெண்சாதி உள்ளேதான் இருக்கிறாள், யாரென்று எட்டிப் பார்த்தேன். அப்பு கிணற்றுக்கட்டில் நின்று தண்ணீர் அள்ளுகிறார். பாதித் தண்ணீர் சிந்துகிறது. நான் போகவில்லை. வாளியை மேலே எடுத்து, முகத்தைக் கழுவிவிட்டு, மறுபடியும் கிணற்றுக்குள் விடுகிறார்.

மரியநாயகம்